கிளட்ச் தேய்ந்த காரணம்

கார் சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவது எப்படி என்று நான் சொல்லித் தரப்போவதில்லை. அதை என்னைவிட நன்றாகச் சொல்லித் தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் பேச நினைப்பது அதற்குப் பிறகு வரும் கட்டத்தைப் பற்றி. பழுது என்னவென்று தெரிந்துவிட்டது. எதிரே வண்டிக்காரர் நின்றுகொண்டு, "அப்ப இதுக்கு யார் காரணம்?" என்று கேட்கிறார். கையைத் துடைத்துக்கொண்டு சட்டென்று ஒரு பதில் சொல்லிவிடத் தோன்றும் நேரம் அது. அந்த நேரத்தில் நான் ஒருமுறை தயங்கினேன். அந்தத் தயக்கத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் வேலை பார்த்தது கொல்கத்தாவில், கஸ்பா பக்கம் இருந்த ஒரு சர்வீஸ் நிலையத்தில். அப்பா துறைமுக வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர். நான் இங்கேயே படித்து, அந்த நிலையத்தின் பில் கவுன்ட்டரில் சேர்ந்து, வண்டிகள் மேல் ஆசை வந்து உள்ளே நுழைந்து, கடைசியில் ஒர்க்‌ஷாப் பொறுப்பாளராக ஓய்வு பெற்றேன். அங்கே எல்லோருக்கும் நான் 'தீதி', அதாவது அக்கா. பாலிகஞ்ச், ஏரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் தங்கள் வண்டியை என்னிடம் கொண்டுவர ஒரு காரணம் உண்டு. கோபம் வந்தால் தமிழிலேயே திட்டலாம்.

ராமசேஷன் சார் அப்படி வருகிறவர்களில் ஒருவர். வங்கியில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். பாலிகஞ்சில் வீடு. பிள்ளைகள் வெளிநாட்டில். அவரும் மனைவி கோமதி மாமியும் மட்டும்தான். இருவருக்கும் ஓட்டத் தெரியாது. வண்டியை ஓட்டுவது ஷிபு என்கிற வங்காளி. பாருய்ப்பூர் பக்கத்திலிருந்து தினமும் லோக்கல் ரயிலில் வருவான். அந்த வீட்டில் பல வருஷம் இருந்ததில் தமிழும் கற்றுக்கொண்டுவிட்டான்.

துர்கா பூஜைக்குச் சில வாரங்கள் இருந்த சமயம். தெருவெல்லாம் பந்தலுக்கு மூங்கில் நட்டிருந்தார்கள். ராமசேஷன் சார் வண்டியோடு தானே வந்து இறங்கினார். எப்போதும் ஷிபுவை மட்டும் அனுப்புகிறவர், அன்றைக்கு ஏன் வந்தார் என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்தது.

"கிளட்ச் மாத்தி ஒரு வருஷம்கூட ஆகலை. மறுபடியும் வழுக்கறது. நேத்து மேம்பாலம் ஏறறச்சே எஞ்சின் கத்தறது, வண்டி நகரவே மாட்டேங்கறது. கருகின நாத்தம் வேற. போன தடவை நீங்கதான் மாத்தினேள். ஒண்ணு நீங்க போட்ட பார்ட் சரியில்லை. இல்லைன்னா இவன் ஓட்டறது சரியில்லை. ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

ஷிபு கொஞ்சம் தள்ளி நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்றேன்.

"சொல்லுங்கோ. ஆள்தான்னா நான் வேற டிரைவர் பாத்து வெச்சிருக்கேன். அடுத்த வாரமே வர ரெடியா இருக்கான்."

இதை அவர் ஷிபுவின் காதில் விழும்படியே சொன்னார்.

வழுக்கல் உண்மைதான். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியரில் போட்டு கிளட்சை விட்டேன். நல்ல கிளட்சாக இருந்தால் எஞ்சின் திணறி நின்றுபோகும். இது நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. நிமாய் கியர்பாக்ஸை இறக்கினான். போன முறை அந்த கிளட்சை மாட்டியவனும் அவன்தான். என் ஒர்க்‌ஷாப்பில் அவனைவிடச் சுத்தமான வேலைக்காரன் கிடையாது. அன்றைக்கு அவன் முகத்தில் கவலை இருந்தது. தான் மாட்டியதில் தப்பு வந்துவிடுமோ என்ற கவலை.

கிளட்ச் பிளேட்டை வெளியே எடுத்ததும் அந்தக் கவலை போய்விட்டது. பிளேட் அதன் ரிவெட் ஆணிகள் வரைக்கும் சீராகத் தேய்ந்திருந்தது. எங்கேயும் எண்ணெய்க் கசிவு இல்லை. பிளேட் உரசும் ஃப்ளைவீல் சக்கரம் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. பிளேட் கோணலாக உட்கார்ந்த அடையாளமும் இல்லை. இதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ கிளட்சைப் பாதி மிதித்தபடியே நாள்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள். ஆஃப் கிளட்ச் என்று நாம் சொல்வது.

"பாத்தீங்களா தீதி?" என்று நிமாய் வங்க மொழியில் சொன்னான். "என் வேலைல ஒண்ணுமில்ல. அந்தாளு காலை எடுக்கவே மாட்டான் போலிருக்கு. சார்கிட்ட போன் போட்டுச் சொல்லிடுங்க."

போனைக் கையில் எடுத்தேன். எங்களுக்கு அது நல்ல செய்தி. பார்ட் மேல் தப்பில்லை, நிலையத்துக்கு நஷ்டமில்லை, நிமாய்க்கு அவப்பெயர் இல்லை. அப்படி ஒரு முடிவு கைக்கு வரும்போது அதை இன்னொரு தரம் சரிபார்க்க யாருக்கும் கை வராது. எனக்கும் வரவில்லை. என்னைத் தடுத்தது வேறொன்று. இந்த வண்டியின் பழைய கிளட்ச், அதாவது கம்பெனியிலிருந்து வந்தது, பல வருஷம் உழைத்திருந்தது. அதையும் ஓட்டியது இதே ஷிபுதான். பல வருஷம் ஒழுங்காக ஓட்டிய மனிதனின் கால் திடீரென்று ஏன் கெட்டுப்போக வேண்டும்?

புது பிளேட் மாட்டி முடித்ததும் ஷிபுவைக் கூப்பிட்டேன். "வா, ஒரு ரவுண்டு போலாம். நீ ஓட்டு."

நான் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். கரியாஹாட் சந்திப்பில் பூஜைத் துணி வாங்க வந்த கூட்டம் பாதி ரோட்டை அடைத்திருந்தது. கிளட்சைக் கொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது. ஷிபு அந்த நெரிசலில் வண்டியைப் பாடப்புத்தகம் மாதிரி ஓட்டினான். சிக்னலில் நியூட்ரல். நகரும்போது கிளட்சை விட்டு முழுதாகக் காலை எடுத்துவிடுவான். பாலத்து ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு எடுத்தான். என் ஒர்க்‌ஷாப் பையன்களே அவ்வளவு சுத்தமாக ஓட்ட மாட்டார்கள்.

"நான் பக்கத்துல இருக்கேன்னு இப்படி ஓட்டறியா?"

"இல்ல தீதி. எப்பவும் இப்படித்தான்." கொஞ்சம் தயங்கினான். "மாமி இருந்தா கொஞ்சம் மெதுவா."

அதற்கு மேல் என்ன கேட்டும் அவன் பேசவில்லை.

ராமசேஷன் சாருக்குப் போன் செய்து, வண்டி தயார், ஆனால் காரணத்தைச் சொல்ல ஒருநாள் வேண்டும் என்றேன்.

"கழட்டிப் பாத்தாச்சு இல்லையா? அப்புறம் என்ன தெரியலை?"

"பிளேட் எப்படித் தேஞ்சுதுன்னு தெரியுது சார். ஏன் தேஞ்சுதுன்னு தெரியலை. நாளைக்கு மாமி எங்கேயாவது போறாங்களா? நானும் கூட வந்து பாக்கறேன்."

மறுநாள் காலை மாமிக்கு பைபாஸ் பக்கத்து ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி இருந்தது. மாமிக்கு அதற்கு முந்தைய ஆண்டு முதுகெலும்பில் ஆபரேஷன் நடந்தது எனக்குத் தெரியும். நன்றாகக் குணமாகிவிட்டது என்றும் கேள்விப்பட்டிருந்தேன். ஆபரேஷன் வெற்றி என்று டாக்டர் சொன்ன அன்று ராமசேஷன் சார் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக்கூட சந்தேஷ் இனிப்பு அனுப்பியிருந்தார்.

மாமி பின்சீட்டில் ஒரு தலையணையை இடுப்புக்கு அணைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்து, "வண்டியப் பாக்க வந்தியாம்மா? நன்னா பாரு. இவன் ஓட்டற மாதிரி இந்த ஊர்ல ஒருத்தன் ஓட்ட மாட்டான்" என்றாள்.

வண்டி கிளம்பியது. தெருமுனை தாண்டுவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

முந்தின நாள் பார்த்த ஷிபு அங்கே இல்லை. அவனுடைய இடது கால் கிளட்சை விட்டு எழவே இல்லை. பள்ளத்துக்கு முன்னால் பாதி மிதித்து, வண்டியை மிதக்க விட்டு, அந்தப் பக்கம் மெல்ல இறக்கினான். நெரிசலில் பிரேக்கைத் தொடாமல் கிளட்சிலேயே ஊர்ந்தான். ஏற்றத்தில் எஞ்சினை உறுமவிட்டு, கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடித்திருந்தான். நேற்றுத்தான் மாட்டிய பிளேட். கருகும் வாசனை இலேசாக எழ ஆரம்பித்தது. முப்பது வருஷமாக வண்டிகளோடு இருந்தவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எளிதல்ல. "காலை எடுடா" என்று கத்தத்தான் வாய் வந்தது. ஆனால் வண்டியில் துளிக் குலுங்கல் இல்லை. அப்படி ஒரு பயணத்தை நான் எந்த விலை உயர்ந்த வண்டியிலும் அனுபவித்ததில்லை.

கரியாஹாட் தாண்டும்போது ஒரு சைக்கிள்காரன் சட்டென்று குறுக்கே வந்துவிட்டான். ஷிபு பிரேக்கை அழுத்தித்தான் ஆக வேண்டியிருந்தது. வண்டி ஒரே ஒரு தரம் குலுங்கி நின்றது. நீங்களோ நானோ கவனித்திருக்கவே மாட்டோம். பின்னால் சத்தம் ஏதும் இல்லை. ஷிபுவின் கண்கள் பின்சீட்டைக் காட்டும் கண்ணாடிக்குப் போயின. நானும் திரும்பிப் பார்த்தேன். மாமி புடவைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். கண்களை இறுக மூடியிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன வெய்யில்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் மாமியைச் சக்கர நாற்காலியில் உள்ளே அழைத்துப் போனார்கள். நானும் ஷிபுவும் வண்டி நிறுத்தும் இடத்தில் மரத்தடியில் நின்றோம்.

"தீதி, சார்கிட்ட என் தப்புன்னு சொல்லிடுங்க" என்றான்.

"உன் கால்தான் தேய்ச்சுது, அது எனக்கே தெரியும். மாமிக்கு எத்தன நாளா இப்படி வலிக்குது?"

"ஆபரேஷன் முடிஞ்சு வந்ததிலிருந்து. ஒருநாள் வண்டி குதிச்சப்ப மாமி அழுதாங்க. சார்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என் கையப் புடிச்சுச் சத்தியம் வாங்கினாங்க. நான் காளிகாட் கோயிலுக்குப் போய் வேண்டிக்கிட்டேன். வேற என்ன பண்ண முடியும் எனக்கு? குலுங்காம ஓட்ட முடியும்."

"வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் தீதி. ஆனா புது ஆள் எப்படி ஓட்டுவான்? அதான் பயம்."

மாமி வெளியே வரும்வரை நான் அங்கேயே நின்றேன். உங்களிடம் சொல்ல விரும்பும் இடம் இதுதான். என் முன்னால் சில வழிகள் இருந்தன. 'பார்ட் தப்பு, நாங்களே பொறுப்பு' என்று சொல்லிவிடலாம். ஷிபு தப்பிப்பான்; நிமாய் மேல் பழி விழும்; மாமியின் வலி அப்படியே இருக்கும்; சில மாதத்தில் இந்த பிளேட்டும் தேயும். 'ஆள்தான் காரணம்' என்று சொல்லலாம். அது முழுக்க உண்மை. நிமாய் கையில் இருந்த பிளேட்டே சாட்சி. அந்த உண்மையை அப்படியே கொடுத்தால், மாமியின் வலியை அறிந்த ஒரே மனிதன் வீட்டைவிட்டுப் போய்விடுவான். மூன்றாவதாக, நானே ராமசேஷன் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லலாம். அதுதான் நேர்மை என்று முதலில் தோன்றியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒருத்தி தன் கணவனிடம் மறைத்து வைத்திருப்பதை, கிளட்ச் பார்க்கப் போன நான் எப்படிப் போய்ச் சொல்வது? வண்டியைத்தான் என்னை நம்பி விட்டிருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குள் இருப்பதைச் சொல்லும் உரிமை எனக்கு யார் கொடுத்தது?

திரும்பும்போது நான் பின்சீட்டில் மாமியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி பைபாஸில் ஏறியதும் சொன்னேன்.

"மாமி, கிளட்ச் ஏன் தேயுதுன்னு கண்டுபிடிச்சுட்டேன். உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னு இவன் அதைப் பாதி மிதிச்சே ஓட்டறான். அப்படி ஓட்டினா பிளேட் எரிஞ்சுபோகும். காரணம் யாருன்னு கேட்டா, தன்னைத்தான் சொல்லச் சொல்றான். சார் அடுத்த வாரம் வேற டிரைவர் போடறதா இருக்கார்."

மாமியின் முகம் சிவந்தது. "வண்டியப் பாக்க வந்தவ வண்டியப் பாத்துட்டுப் போக வேண்டியதுதானே? எனக்கு வலின்னு யார் சொன்னா உனக்கு?"

ஷிபு திரும்பவில்லை. வண்டி மட்டும் அதே மாதிரி மிதந்து போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் மாமி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினாள்.

"ஆபரேஷன் அன்னிக்கு அவர் ஆஸ்பத்திரி நடையில நாற்காலில உக்காந்தபடியே கிடந்தார். சாப்பிடலை, தூங்கலை. சக்சஸ்னு டாக்டர் சொன்னதும் என் காலைப் புடிச்சுண்டு அழுதார் தெரியுமா? ஊருக்கெல்லாம் ஸ்வீட்டு. பசங்களுக்கெல்லாம் போன். 'உங்கம்மா நடந்துட்டா, உங்கம்மா நடந்துட்டா'ன்னு. அந்த மூஞ்சியப் பாத்துண்டு, 'இல்லை, வலிக்கறது'ன்னு நான் எப்படிச் சொல்ல? கொஞ்ச நாள்ல போயிடும்னு நெனச்சேன். போகலை. அப்புறம் சொல்ல வேளையே வரலை."

"இவன்கிட்ட மட்டும் சொன்னீங்களா?"

"நான் சொல்லலை. அவன் கண்ணாடில பாத்துட்டான்."

இதைச் சொல்லும்போதுதான் மாமி அழுதாள்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. நான் இறங்கிக் கதவைத் திறந்தேன். மாமி இறங்கவில்லை. "அவரைக் கொஞ்சம் கீழ வரச் சொல்லு" என்றாள்.

ராமசேஷன் சார் படியிறங்கி வரும்போதே கேட்டார். "என்ன, கண்டுபிடிச்சாச்சா? பார்ட்டா, ஆளா?"

"மாமி சொல்வாங்க சார்" என்றேன். அதோடு என் வேலை முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. ஷிபுவை அழைத்துக்கொண்டு தெரு ஓரம் இருந்த டீக்கடைப் பக்கம் நடந்தேன்.

அங்கிருந்து பார்த்தபோது அவர் திறந்த கதவருகே குனிந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கையால் வண்டிக் கூரையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்து மாமியின் அருகில் உட்கார்ந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெகுநேரம் அப்படியே இருந்தார்கள். ஷிபு மண்குவளையில் வாங்கிய டீயைக் குடிக்கவே இல்லை. அது ஆறிப்போனது.

கடைசியில் அவர் கையை வெளியே நீட்டி அவனைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வண்டிய எடு ஷிபு. ஆபரேஷன் பண்ணின டாக்டரைப் பாக்கணும். இப்பவே." பிறகு, "மெதுவா போ" என்று சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "நீ எப்பவும் ஓட்டற மாதிரியே ஓட்டு" என்றார்.

முதுகெலும்பைப் பிடித்திருந்த திருகுகளில் ஒன்று தளர்ந்திருந்ததாக ஸ்கேனில் தெரிந்தது. மாமி எல்லோரிடமும் "இப்ப பரவாயில்லை" என்றே சொல்லிவந்ததால் யாரும் மறுபடி படம் எடுத்துப் பார்க்கவில்லை. இரண்டாவது ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்கப் பூஜை முடிய வேண்டியிருந்தது. அதுவரை எங்களால் ஆனதைச் செய்தோம். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தோம். பந்தல் இல்லாத தெருக்களாகப் பார்த்து ஒரு வழி போட்டுக் கொடுத்தோம். நெரிசலில் கிளட்ச் கொஞ்சமாவது ஓய்வு எடுக்கும்படி எப்படி ஊர்வது என்று ஷிபுவும் நிமாயும் காலி வண்டியில் பழகிப் பார்த்தார்கள். தன் வேலையில் தப்பில்லை என்று தெரிந்ததும் போன் போடச் சொன்ன அதே நிமாய், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துத் துடைத்து மாட்டினான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

எங்கள் பதிவில் நான் எழுதியது இவ்வளவுதான்: ஆஃப் கிளட்ச், பார்ட்டில் குறையில்லை. அதில் பொய் ஒன்றும் இல்லை. நீங்களும் இப்படிப் பல தடவை எழுதுவீர்கள். டிரைவர் தப்பு, பெட்ரோல் தப்பு, ரோடு தப்பு. பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். எழுதுவதற்கு முன்னால் அந்த வண்டி யாரை ஏற்றிக்கொண்டு எங்கே போகிறது என்று ஒருமுறை கேளுங்கள். முடிந்தால் கூடப் போய் உட்காருங்கள். காலி வண்டியில் நாம் எடுக்கும் சோதனை காலி வண்டியைப் பற்றி மட்டும்தான் சொல்லும். கேட்டதில் உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஏதாவது தெரியவந்தால், அதை யாரிடம் கொடுப்பது என்றும் யோசியுங்கள். நான் கொடுத்தது சரியான ஆளிடமா என்று அன்றைக்கு எனக்கு நிச்சயமில்லை. மாமி இறங்கி, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்து வெகுநாள் ஆன பிறகு, நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், அந்த வண்டி சாதாரண சர்வீஸுக்கு வந்தது. மாமியும் கூட வந்திருந்தாள். கையில் கரியாஹாட் மார்க்கெட்டில் வாங்கிய காய்கறிப் பை. வேலை முடிந்து, சோதனை ஓட்டம் பார்த்தபடியே என்னையும் வீட்டுப் பக்கம் இறக்கிவிடுவதாகச் சொல்லி ஷிபு ஏற்றிக்கொண்டான். பாலிகஞ்ச் ஸ்டேஷன் அருகே ஒரு ஆட்டோ பாய்ந்து வந்து குறுக்கே நின்றது. ஷிபு பிரேக்கைப் போட்டான். வண்டி நன்றாகவே தூக்கிப்போட்டது. சட்டென்று பின்னால் திரும்பினேன்.

மாமி சீட்டுக்கு அடியில் குனிந்து, உருண்டு ஓடிய பட்டாணியையும் தக்காளியையும் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா ஷிபு, கண்ணு எங்கடா இருக்கு உனக்கு? அத்தனையும் நசுங்கிடுத்து பாரு!"

"தப்பு மாமி, தப்பு" என்றான் ஷிபு. சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்டியரிங்கின் மேல் குனிந்துகொண்டான். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். மாமி இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள்.